கடற்பஞ்சின் கசப்பும் கிளிமீனின் வாயும்

இராமேசுவரம், மண்டபம் பக்கம் விசைப்படகு கரை சேர்ந்ததும் இழுவைமடி வலையில் வந்ததைத் தரம் பிரிப்பார்கள். இறால், நண்டு, கணவாய் தனி. நல்ல மீன் தனி. மிச்சமெல்லாம் சங்காயம். மீன்மாவுக்கும் கோழித்தீவனத்துக்கும் போகிற அந்தச் சங்காயத்தில்கூட இடம் கிடைக்காமல் ஒதுக்கப்படுவது கடற்பஞ்சு என்ற கடல் விலங்கு. காக்கை பொடிமீனைத் தேடித் தேடிக் கொத்தும்; பஞ்சுப் பக்கம் போகாது.

கடலுக்கடியிலும் ஏறக்குறைய இதே நிலைமைதான். கடற்பஞ்சுக்கு ஓடு கிடையாது, கொடுக்கு கிடையாது, ஓடி ஒளியக் கால் கிடையாது. குஞ்சுப் பருவத்தில் கொஞ்ச காலம் நீரில் மிதந்து திரியும். ஒரு பாறையைப் பிடித்துவிட்டால் அப்புறம் ஆயுள் முழுக்க அங்கேதான். சுற்றிலும் பொழுதெல்லாம் பாறையைக் கொறித்துக்கொண்டே இருக்கும் மீன்கள். அந்த இடத்தில் மெத்தென்று, சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகப் பளிச்சென்று உட்கார்ந்திருக்கும் ஓர் உயிர் எப்படித் தப்பிக்கிறது? வேதிப்பொருட்களால் என்பது பதிலில் பாதி. அந்த வேதிப்பொருட்களுக்கு அது என்ன விலை கொடுக்கிறது, எந்த வாய்க்குப் பயந்து கொடுக்கிறது என்பது மறுபாதி. இராமநாதபுரம் கரைக்கு இந்த மறுபாதிதான் முக்கியம் என்று நினைக்கிறேன். கடற்பஞ்சு என்றாலே 'புற்றுநோய் மருந்து' என்று பேச்சு தொடங்கி அங்கேயே முடிந்துவிடுவதால் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

இந்தக் கரையின் கடற்பஞ்சுகளை அறிவுலகம் நெடுநாளாகவே கவனித்து வந்திருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1880களில் மன்னார் வளைகுடாவில் திரட்டிய கடற்பஞ்சுகளை ஆர்தர் டென்டி ஆராய்ந்து எழுதினார். இலங்கைப் பக்கத்து முத்துச்சிப்பிப் படுகைகளில் கிடைத்தவற்றைப் பற்றி 1905இல் மறுபடியும் எழுதினார். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில்தான் வேரூன்றியது. அதன் விஞ்ஞானி பி. ஏ. தாமஸ் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலுமாக 275 கடற்பஞ்சு இனங்களைப் பட்டியலிட்டார். பவளப்பாறை, கடற்புல், சேறு, சிப்பிப் படுகை என்று பாம்பன் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சுற்றி இத்தனை விதமான தரை இருப்பதால்தான் இத்தனை இனங்கள்.

தென்மேற்குக் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் எனப்படும் மன்னார் வளைகுடாக் கரையில் பாசியோடு சேர்ந்து கடற்பஞ்சும் ஒதுங்கும். ஒன்றை உற்றுப் பார்த்தால் அதன் பிழைப்பு முழுதும் புரிந்துவிடும். மேற்பரப்பெங்கும் ஊசிமுனை அளவுத் துளைகள். அவை தண்ணீரை உள்ளே இழுப்பவை. நடுவிலோ நுனியிலோ சுண்டுவிரல் நுழையும் அளவுக்குப் பெரிய வாய். அது தண்ணீரை வெளியே தள்ளுவது. உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கால்வாய்கள். கால்வாய்ச் சுவரில் இருக்கும் செல்கள் சாட்டை போன்ற இழையைச் சுழற்றி நீரோட்டத்தை உண்டாக்கி, அதில் வரும் பாக்டீரியாவைப் பிடித்துத் தின்கின்றன. 10 சென்டிமீட்டர் உயரமும் 1 சென்டிமீட்டர் பருமனும் உள்ள லூகோனியா என்ற சின்னஞ்சிறு கடற்பஞ்சு நாளொன்றுக்கு 22.5 லிட்டர் நீரை வடிகட்டும். பிய்த்துப் பார்த்தால் விரலில் நறுக்கென்று ஏதோ குத்தும். அது சிலிக்காவால் ஆன முள். கண்ணாடி ஊசி என்றே சொல்லலாம். தெடானியா போன்ற சில இனங்களைத் தொட்டால் தோல் சிவந்து நாள்கணக்கில் அரிக்கும். அப்படி அரித்தால் தேய்க்கக் கூடாது. ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்து முள்ளை நீக்கிவிட்டு வினிகரில் நனைக்க வேண்டும். பாசி எடுக்கப் போகிற பாம்பன், சின்னப்பாலம் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் பாறை இடுக்கில் கைவிடுகிறார்கள்.

முள்தான் மீன்களை விரட்டுகிறது என்று தோன்றுவது இயல்பு. ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்காவின் ஜோசப் பாலிக்கும் அவருடைய மாணவர்களும் 1990களில் கரீபியன் கடலில் இதைச் சோதித்தார்கள். கணவாய்ச் சதையை அரைத்துச் சிறு உருண்டைகளாக்கினார்கள். சில உருண்டைகளில் கடற்பஞ்சிலிருந்து வடித்த சாறு. வேறு சிலவற்றில் கடற்பஞ்சில் இருக்கும் அதே அளவு முள். மீன்களுக்கு முன்னால் போட்டார்கள். முள் கலந்த உருண்டைகளை மீன்கள் சாதாரணமாக விழுங்கின. சாறு கலந்தவற்றை வாயில் போட்டுத் துப்பின, மறுபடி கவ்வின, மறுபடி துப்பின. 70க்கும் மேற்பட்ட இனங்களைச் சோதித்ததில் பத்துக்கு ஏழு இனங்களின் சாறு மீன்களுக்குப் பிடிக்கவில்லை. ஆக, காவல் காப்பது கசப்புத்தான். முள்ளின் முதல் வேலை உடம்பைத் தாங்கி நிறுத்துவது.

பத்தில் ஏழு என்றால் மீதி மூன்று? அந்த மூன்றும் கசப்பில்லாமலேதான் வாழ்கின்றன. மீன் கடிக்கிறது; கடித்த இடம் சீக்கிரம் ஆறுகிறது; உடம்பு வேகமாக வளர்கிறது; குஞ்சுகளும் நிறைய. கசப்பை உண்டாக்கச் சத்து செலவாகும். அந்தச் செலவு இல்லாதவை மிச்சத்தை வளர்ச்சியில் போடுகின்றன. பாதுகாப்பா, வளர்ச்சியா என்ற இந்தக் கணக்கு எல்லாக் கடற்பஞ்சுக்கும் உண்டு. கணக்கை எழுதுவது மீனின் வாய். இதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் கரையின் மற்ற உயிர்களைப் பார்க்கலாம்.

குருசடைத் தீவிலிருந்து தொடங்குவதுதான் முறை. தமிழ்நாட்டில் விலங்கியல் படித்தவர்களில் பலருக்கு அந்தப் பெயர் பாலனோகுளோசஸ் என்ற ஏகோர்ன் புழுவோடு சேர்ந்தே மனதில் பதிந்திருக்கும். 1927இல் சென்னை அருங்காட்சியகம் இந்தத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றித் தனி வெளியீடே கொண்டுவந்தது. மணலுக்குள் வளை தோண்டி வாழும் இந்தப் புழு மிகவும் மெல்லியது, தூக்கினாலே அறுந்துவிடும். ஆனால் கையில் எடுத்தால் பழைய ஆஸ்பத்திரிகளில் அடிக்கும் அயோடோஃபார்ம் வாடை குப்பென்று வரும். கையைக் கழுவினாலும் லேசில் போகாது. அந்த வாடைக்குக் காரணம் கடல்நீரில் உள்ள புரோமின், குளோரின் போன்றவற்றைச் சேர்த்து அது செய்துகொள்ளும் சேர்மங்கள். பாக்டீரியாவையும் கடிக்க வரும் உயிர்களையும் தள்ளிவைப்பவை அவை. இந்தக் குடும்பத்துச் சேர்மங்களில் சில நம் சமையலறை வரைக்கும் வருகின்றன. கடல் இறாலுக்கு இருக்கும் அந்தத் தனி ருசியில் புரோமோபீனால்களுக்குப் பங்குண்டு. புழுக்களையும் பாசியையும் தின்கிற இறாலுக்கு அது உணவு வழியாகச் சேர்கிறது. தீவனம் போட்டு வளர்த்த பண்ணை இறாலில் அது மிகக் குறைவு. 'கடல் இறால் மாதிரி வராது' என்று மீன் வாங்குகிறவர்கள் சொல்வதில் வேதியியல் இருக்கிறது.

அடுத்தது கடல் அட்டை. சேற்றையும் மணலையும் விழுங்கி, அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்து, கடல் தரையைப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருப்பது. இதன் ஆயுதம் சபோனின். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை தருவதும் அதே வகைப் பொருள்தான். அட்டையிடம் உள்ளது ஹோலோதூரின் எனப்படும். மீனின் செவுள் வழியே இரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பசிபிக் தீவு மக்கள் சிலர் கரிய அட்டையை நசுக்கிக் குட்டையில் கலக்கி மீனை மயக்கிப் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கரிய அட்டையைத் தேய்த்தால் கையில் செந்நீலச் சாயம் ஒட்டும். வேறு சில அட்டைகள் சீண்டப்பட்டால் பின்புறத்திலிருந்து வெள்ளை நூல்களை வீசி, வந்த நண்டையே கட்டிப்போட்டுவிடும். ஆனால் கடலில் எல்லோரையும் விரட்டும் விஷம் என்று ஒன்று கிடையாது. அட்டையின் மேல் குடியிருக்கும் ஒரு சின்ன நண்டு தன் வீட்டைக் கண்டுபிடிப்பதே இந்தச் சபோனினை முகர்ந்துதான் என்று சோதனைகளில் தெரிந்திருக்கிறது. எதிரிக்கு எச்சரிக்கையான அதே பொருள் குடித்தனக்காரனுக்கு வழிகாட்டி.

அட்டையின் விஷம் மீனிடமிருந்து காப்பாற்றும், மனிதனிடமிருந்து காப்பாற்றவில்லை. அவித்து, மணலில் புதைத்து, தோலைச் சுரண்டி, காயவைத்தால் கிழக்காசியச் சந்தையில் நல்ல விலை. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் எல்லாக் கடல் அட்டைகளும் சேர்க்கப்பட்டன. அதன் பிறகும் இந்தக் கரையில் அட்டைக் கடத்தல் வழக்குகள் ஓய்ந்தபாடில்லை.

வேதிப்பொருள் கேடயமாக மட்டும் பயன்படுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. சங்கு குளித்தவர்களுக்குத் துளை விழுந்து சல்லடையாகிப்போன சங்கைப் பற்றி நன்றாகத் தெரியும். அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று கிளையோனா என்ற துளைக்கும் கடற்பஞ்சு. பல்லோ நகமோ இல்லாத இது சங்கின் ஓட்டையும் பவளத்தையும் எப்படிக் குடைகிறது? அதன் சில செல்கள் அமிலத்தையும் நொதிகளையும் சுரந்து சுண்ணாம்பில் ஒரு மெல்லிய கோடு போடுகின்றன. கோடு வளைந்து வந்து சந்தித்ததும் மணலைவிட நுண்ணிய ஒரு சில்லு பெயர்ந்து வருகிறது. கரைவது மிகக் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் சில்லாகவே கால்வாய் வழியாக வெளியே கொட்டப்படுகிறது. முத்துச்சிப்பியும் இதற்குத் தப்பவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டின் மேல் வரிசையாகச் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள் தெரியும். ஓட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே அறைகள் அறைகளாகக் குடைந்திருப்பது தெரியும். இவ்வளவு வேலையும் உணவுக்காக அல்ல, குடியிருக்க இடத்துக்காக. பாறையில் ஒரு விரற்கடை இடம் கிடைப்பதே பெரும்பாடு என்னும்போது, அடுத்தவன் வீட்டுச் சுவருக்குள் புகுவதும் ஒரு வழி.

இத்தனை காவலையும் மீறித் தின்பவையும் உண்டு. ஓடில்லாக் கடல் நத்தைகளில் பல, கடற்பஞ்சையே தின்று வாழ்கின்றன. தின்பதோடு நிற்பதில்லை, அதன் விஷத்தை எடுத்துத் தன் தோலில் சேமித்துக்கொள்கின்றன. நீலமும் கறுப்பும் மஞ்சள் பருக்களுமாக இருக்கும் பிலிடியா வாரிகோசா என்ற நத்தை, தான் இருக்கும் பாத்திரத்தில் கூட இருந்த மீனையும் நண்டையும் தன் கோழையாலேயே கொன்றுவிட்டதை 1963இல் ஹவாயில் கவனித்து எழுதினார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து அதே ஹவாயில் பால் ஷோயரின் குழு அந்த விஷத்தைப் பிரித்தெடுத்தது. நத்தை மேய்ந்துகொண்டிருந்த கடற்பஞ்சிலும் அதே பொருள் இருந்தது. நத்தையின் பளிச்சென்ற நிறம் மீன்களுக்கு ஓர் எச்சரிக்கைப் பலகை.

அழுங்காமையும் அப்படித்தான். கரீபியனில் இவற்றின் இரைப்பையைத் திறந்து பார்த்தபோது கிடைத்ததில் பெரும்பகுதி கடற்பஞ்சு. கண்ணாடி முள்ளும் விஷமும் உள்ள இனங்களும் அதில் இருந்தன. 1988இல் வெளியான இந்த ஆய்வு அப்போது பலரை வியக்கவைத்தது. அழுங்காமை இறைச்சி தின்று மனிதர்கள் செத்த சம்பவங்கள் இந்தியக் கரையிலும் பதிவாகியிருக்கின்றன. ஆமை தின்ற இரையிலிருந்துதான் அந்த நஞ்சு சேர்கிறது என்பது பரவலான கருத்து. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், உயிருக்காகவாவது அந்த இறைச்சியைத் தொடக் கூடாது.

அப்புறம், விஷத்தைச் செய்வது உண்மையில் யார் என்ற கேள்வி. சில கடற்பஞ்சுகளின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்குள் வாழும் நுண்ணுயிர்கள்தான். தியோனெல்லா என்ற கடற்பஞ்சில் கிடைத்த பல சேர்மங்களைச் செய்வது அதற்குள் குடியிருக்கும் என்டோதியோனெல்லா என்ற பாக்டீரியா என்று யோர்ன் பீல் தலைமையிலான குழு 2014இல் காட்டியது. அதாவது கடற்பஞ்சு இடமும் உணவும் கொடுக்கிறது, பாக்டீரியா காவல் காக்கிறது. இப்படிப்பட்ட கூட்டுக் குடும்பத்தில் ஒருவரைப் பிரித்து ஆய்வகத்தில் வளர்ப்பது எளிதல்ல. கடற்பஞ்சு மருந்துகள் இத்தனை தாமதமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்துப் பக்கத்தையும் பார்த்துவிடலாம். 1950களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன் புளோரிடாக் கடலின் ஒரு கடற்பஞ்சில் விசித்திரமான பொருள்களைக் கண்டார். டி.என்.ஏ. எழுத்துகளைப் போலவே இருக்கும். ஆனால் அவற்றோடு ஒட்டியிருக்கும் சர்க்கரை மட்டும் வேறு. செல் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது இந்தப் போலி எழுத்து உள்ளே நுழைந்துவிட்டால் வேலை அங்கேயே தடைபடும். வேகமாகப் பெருகும் புற்றுச் செல்களுக்கு அது மரண அடி. அந்த யோசனையிலிருந்து வந்த சைட்டராபின் 1969இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றைக்கும் இரத்தப் புற்றுநோய்க்கு அடிப்படை மருந்துகளில் ஒன்று. நம் ஊர் மருத்துவமனைகளிலும் கொடுக்கிறார்கள். ஜப்பான் கடற்பஞ்சு ஒன்றில் 1986இல் கிடைத்த ஹாலிகோண்ட்ரின் பி என்ற பொருளைப் பின்பற்றி உருவாக்கிய எரிபுலின், மார்பகப் புற்றுநோய்க்காக 2010இல் அனுமதி பெற்றது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நியூசிலாந்தில் ஒரு டன் கடற்பஞ்சை எடுத்துச் சாறு பிழிந்தபோது கிடைத்த ஹாலிகோண்ட்ரின் பி சுமார் 300 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பு அளவு. யோஷிட்டோ கிஷியின் குழு 1992இல் அதை ஆய்வகத்திலேயே செய்து காட்டியதால்தான் மருந்து பிறந்தது.

ஆகவே மன்னார் வளைகுடாவை 'மருந்துச் சுரங்கம்' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அள்ளி எடுக்கிற சரக்கு அங்கே எதுவும் இல்லை. இருப்பது சேர்மங்களின் வடிவம். அதை ஒரு முறை கண்டுபிடித்தால் போதும். அந்த வடிவத்தைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் செதுக்கி வருவது கடிக்கும் மீனும், நெருக்கும் பவளமும், ஒட்டவரும் பாக்டீரியாவும். அவை இல்லாமல் போனால் கசப்புக்கு அவசியம் குறைந்துவிடும்.

இது வெறும் ஊகமல்ல. கரீபியனின் பல தீவுகளை ஒப்பிட்டு ட்சே-லின் லோவும் பாலிக்கும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. கடற்பஞ்சு தின்னும் ஏஞ்சல் மீனும், கிளி அலகு போன்ற வாயுள்ள கிளிமீனும் நிறைய இருக்கும் பாறைகளில் கசப்பான, மெதுவாக வளரும் இனங்களே மிகுதி. மிதமிஞ்சி மீன்பிடித்த பாறைகளில் கசப்பில்லாத, வேகமாக வளரும் இனங்கள் பெருகியிருந்தன. அப்படிப் பெருகும் பஞ்சு பக்கத்துப் பவளத்தின் மேல் ஏறி மூடுகிறது. அந்தக் கடல் வேறு, நம் கடல் வேறு. இனங்களும் கலங்கலும் பாசியும் வேறு. அதே எண்ணிக்கை இங்கேயும் வரும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கணக்கின் விதி ஒன்றுதான்.

இங்கே பவளங்கள் ஏற்கெனவே நொந்துபோயிருக்கின்றன. சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டிய காலத்தின் வடு இன்னும் ஆறவில்லை. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீரில் மூழ்கிவிட்டன. 1998, 2010, 2016 ஆண்டுகளின் வெப்பத்தில் பவளங்கள் வெளுத்தன. செத்த பவளம் என்றால் காலி மனை. அதற்குப் போட்டி போடுபவற்றில் தெர்பியோஸ் ஹோஷினோட்டா என்ற கரிய கடற்பஞ்சும் ஒன்று. ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஒரு பூச்சு. உள்ளே நீலப்பச்சைப் பாசி நிறைந்திருப்பதால் அந்தக் கறுப்பு. காலி இடத்தோடு அது நிற்காது. உயிரோடிருக்கும் பவளத்தின் மேலேயே ஏறி, செல்களைக் கொல்லும் பொருள்களோடு அதை மூடிவிடும். முதலில் குவாம் தீவில் கவனிக்கப்பட்டது. பாக் விரிகுடாவில் அது இருப்பது 2015இல் அறிவிக்கப்பட்டது. பிறகு தூத்துக்குடிப் பக்கம் வான் தீவிலும் கண்டார்கள்.

கீழக்கரை, வேதாளை பக்கம் பாறை மீனுக்குக் கூடு வைக்கிறார்கள். ஓரா, விளமீனோடு கிளிமீனும் அதில் அகப்படும். கூட்டுத்தொழில் இழுவைமடியைப் போலத் தரையை உழுது கடற்பஞ்சை வேரோடு பெயர்ப்பதில்லை. அந்த வகையில் அது எவ்வளவோ மேல். ஆனால் கூட்டில் அகப்படும் ஒவ்வொரு கிளிமீனும் பாறையைக் கொறிக்கும் ஒரு வாய். பவளப்பாறை ஆய்வில் பொதுவாகக் கையாளும் முறையில், நாடா பிடித்து அளக்கும்போது பவளம் இனம் பிரித்து எழுதப்படும். கடற்பஞ்சு பெரும்பாலும் 'கடற்பஞ்சு' என்ற ஒரே தலைப்பில் அடங்கிவிடும். கசப்பான பஞ்சு கூடுகிறதா, கசப்பில்லாதது கூடுகிறதா, கரும்பூச்சு எந்தத் தீவில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதையெல்லாம் அந்த ஒற்றைத் தலைப்பு சொல்லாது. இனவாரியாக எழுதி, அதே தீவைச் சுற்றிக் கூட்டில் விழும் கிளிமீன் கணக்கையும் பக்கத்தில் வைத்தால் சொல்லிவிடும். கூடு வைக்கிறவர்களுக்கு எந்தப் பாறையில் எந்த மீன், எந்த மாதத்தில் என்பது அத்துப்படி. அந்தக் கணக்குக்கு முதலில் கேட்க வேண்டியது அவர்களைத்தான்.